நான்கு மூலையிலும் மஞ்சள்

முப்பத்திரண்டு வயது வரை எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. கடிதம் வர வேண்டுமானால் முகவரி வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு நான் எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, பண்ருட்டிப் பக்கம் செங்கல் சூளை, பிறகு நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி. ஐஸ் உடைக்கிற இயந்திரத்தில் இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று. விரல் ஆறுகிற வரைக்கும் வேலை இல்லை. ஆறியதும் பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்தேன். அங்கே ஒரு வலைக்கடையில் ஆள் தேடுவதாகச் சொன்னார்கள்.

வலைக்கடை என்றாலும் அங்கே கயிறு, மிதவை, ஈயக்குண்டு, என்ஜினுக்கான சில்லறைச் சாமான் என்று படகுக்கு வேண்டிய எல்லாமே இருக்கும். சுனாமி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நிவாரணத்தில் வந்த புதுப் படகுகள் கரை முழுக்க நின்றன. படகு வந்த வேகத்தில் வலைக்கடைகளும் முளைத்தன. எங்கள் முதலாளி வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மரியாதையான பாய். அவருக்கு எதிர்க்கடை ஒவ்வொன்றும் ஒரு பல்வலி.

என் வேலை ஊர் சுற்றுவது. பழைய மொபெட் ஒன்று கொடுத்தார்கள். கடற்கரைக் குப்பங்களுக்குப் போய், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வந்து, பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. படுக்கை கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில், கயிற்றுச் சுருள்களின் மேல். நைலான் கயிறு முதுகில் வரி வரியாகப் பதியும். சாக்கை இரண்டாக மடித்துப் போட்டால் பதியாது. ஒரு வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்ததற்கு ஒரே காரணம், என்னை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாயப்பட்டறையில் நான் மூன்றாம் தொட்டி ஆள். சூளையில் அதுகூட இல்லை. இங்கே குப்பத்துக்குள் மொபெட் நுழைந்ததும் "கயிறு தம்பி வந்துருச்சு" என்று யாராவது சொல்வார்கள். கோட்டுச்சேரிமேட்டில் ஒரு படகுக்காரர் இருந்தார். சொந்தமாக இரண்டு ஃபைபர் படகு, ஒரு விசைப்படகில் பங்கு. அவர் வாங்குகிற கடையில்தான் அந்த ஊரில் பாதிப் பேர் வாங்குவார்கள். அவருடைய மனைவி நான் போகிற நாளிலெல்லாம் சாப்பாடு போடுவார். "உக்காரு தம்பி, மத்திக் கொழம்பு இருக்கு" என்பார். நான் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடற்கரையில் என்னைத் தெரியும் என்பது ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்த சொத்து. அதை யாராவது எடுத்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டீச்சர் வந்தது அடுத்த வருஷம் தையில்.

அவள் உண்மையில் டீச்சர் இல்லை. நெரவியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம். கம்ப்யூட்டர் வந்ததும் அதை மூடிவிட்டார்கள். டீச்சர் என்று முதலில் கூப்பிட்டது நான்தான், கிண்டலுக்கு. அது நிலைத்துவிட்டது. அவளும் என்னை "அண்ணே" என்றாள், என்னைவிட ஒரு வயதுதான் இளையவள்.

முதலாளி வேலை பார்த்த வளைகுடாக் கம்பெனியில் ஒவ்வொரு பெருநாளுக்கும் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போகுமாம். அதே மாதிரி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. முன்பு ஒரு முறை "பேரன்புடையீர்" என்று தொடங்கி அச்சடித்து அனுப்பியிருந்தார். அந்தத் தாள்களில் குப்பத்துப் பெண்கள் சுட்ட கருவாடு வைத்துத் தின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

"டைப் அடிச்சு அனுப்பும்மா, சுத்தமா இருக்கும்" என்றார் முதலாளி.

"டைப் அடிச்சா கோர்ட்டுலேருந்து நோட்டீசு வந்துருச்சோன்னு பயந்துருவாங்க முதலாளி. கையால எழுதுறேன். இன்லேண்டு கடுதாசி வாங்கிக் குடுங்க போதும்."

"அத்தன பேருக்கும் கையாலயா?"

"ஒரே நாள்லயா எழுதப்போறேன்."

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு நோட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எந்த ஊர், யார், அவர் வீட்டில் யார் யார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் படகுக்கு என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பார்த்ததை யாரும் அதுவரை கேட்டதில்லை. வாடைக் காற்று தணிந்துவிட்டது என்றேன். ஒரு வீட்டில் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று.

அடுத்த வாரம் கோட்டுச்சேரிமேட்டில் அந்தப் படகுக்காரர் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிக்குப் போகிற அவருடைய மகள் இன்லேண்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வாடை தணிந்து நீங்கள் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டோம். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் தேவலையா? போன மாதம் வந்த பச்சைக் கயிறு வெயிலில் நிறம் போகிறது. அது உங்களுக்கு வேண்டாம். நல்ல சரக்கு வந்ததும் எழுதுகிறோம்."

அவ்வளவுதான் கடிதம். எதிர்வீட்டுக்காரர், "நம்ம புள்ள காய்ச்சல்லாம் காரைக்கால் வரைக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்றார். படகுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யாரு தம்பி இத எழுதுறது?"

"கடையில ஒரு டீச்சரு."

"கெட்டிக்காரப் பொண்ணுதான். கயிறு சரியில்லன்னு கடைக்காரனே எழுதி நான் கேட்டதில்ல."

காய்ச்சலைச் சொன்னது நான். வாடையைச் சொன்னது நான். பச்சைக் கயிறு வெளுக்கிறது என்று வெயிலில் போட்டுப் பார்த்துச் சொன்னதும் நான்தான். அவள் கோட்டுச்சேரிமேட்டுக் கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இதை அந்த வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கும் மத்திக் குழம்புதான். பாதியில் கை கழுவிவிட்டேன்.

முதலாளிக்கும் அந்தக் கயிற்று விஷயம் பிடிக்கவில்லை. "நம்ம சரக்க நாமளே மட்டம் தட்டலாமா?" என்று கேட்டார். அவள், "அவங்க வாங்கிட்டு வந்து திட்டுறதுக்கு நாமளே முன்னாடி சொல்லிட்டா, அடுத்த தடவ நல்லாருக்குன்னு சொல்லும்போது நம்புவாங்கல்ல" என்றாள். நம்பினார்கள். பங்குனி தொடங்குவதற்குள் வெளியூர் ஆட்கள் கடைக்கு வந்து, "டீச்சர் இருக்காங்களா" என்று கேட்டார்கள். சாமான் வாங்காமல், தங்களுக்குக் கடிதம் எழுதியவள் எப்படி இருப்பாள் என்று பார்ப்பதற்காகவே வந்தவர்களும் உண்டு. பார்த்துவிட்டுச் சும்மா போகக் கூச்சப்பட்டு ஒரு கட்டு மிதவை வாங்கிப் போவார்கள். முதலாளி அவளுக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். என்னிடம், "இனிமே எந்த ஊருக்கு என்னைக்குப் போவணும்னு டீச்சர கேட்டுக்க" என்றார்.

அவள் எழுதிய கடிதங்களைத் தபாலில் போடுவதும் என் வேலையானது. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். அவளைப் பாராட்டிய யாரும் என்னளவுக்குக் கவனமாக அவற்றைப் படித்திருக்க மாட்டார்கள். முதல் வரி எப்போதும் கடிதம் வாங்குகிறவரைப் பற்றியது. கடையைப் பற்றி ஒரே ஒரு சங்கதி, அதுவும் நடுவில். கடைசி வரியில் வியாபாரம் இருக்காது. "வாங்க" என்ற சொல்லே இல்லாமல் எழுதுவாள். யாருக்கும் படிக்கத் தெரியாத வீடு என்றால் சின்னச் சின்ன வாக்கியம், படித்துக் காட்டுகிறவருக்கு மூச்சு வாங்காமல் இருக்க. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய. என் கையெழுத்தைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரர்கூடப் பின்வாங்குவார்.

பங்குனி நடுவில் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனபோது படகுக்காரர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அவருடைய மனைவி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வயிற்றில் ஏதோ கட்டியாம், வெளியே சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார். நான் பந்தலில் போய் ஆண்களோடு உட்கார்ந்தேன். படகுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் இருந்துவிட்டு, சாவு வீட்டு வழக்கப்படி போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்தேன்.

சனிக்கிழமை டீச்சர் நோட்டை விரித்தாள். சித்திரை முதல் தேதிக்குள் எல்லாருக்கும் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதற்கு மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். படகுகள் ஒன்றரை மாதம் கரையில் கிடக்கும்போதுதான் வலை மாற்றுவார்கள். எங்கள் வருஷத்து வியாபாரம் அதில்தான். இந்தக் கடிதங்களுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவலாம் என்பது அவள் யோசனை. முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் மஞ்சள் வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

ஒவ்வொரு ஊராகக் கேட்டு வந்தாள். அன்று காலையில்தான் ஒரு ஆள் என்னைக் கடை வாசலில் பார்த்து, "நீங்க டீச்சர் கடையில வேலை செய்யிறவராண்ணே?" என்று கேட்டிருந்தான். டீச்சர் கடை.

"கோட்டுச்சேரிமேட்டுல என்னாண்ணே விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"அக்கா நல்லாருக்காங்களா, உங்களுக்குச் சோறு போடுவாங்களே?"

"எல்லாம் இருக்காங்க."

மறந்துபோய்ச் சொன்னேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. அவளுக்கு ஒரு கடிதமாவது தப்ப வேண்டும் என்று நினைத்தேன். யார் வீட்டில் போய் விழும் என்பதை அந்த நேரம் நினைக்கவில்லை. கட்டுக் கட்டாகத் தபாலில் போட்டபோது நினைத்தேன். அந்த ஒன்றை எடுத்துக் கிழித்திருக்கலாம். அதைப் பிடித்தபடி பெட்டிக்குள் கையை விட்டு நின்றேன். பிறகு போட்டுவிட்டேன்.

சித்திரைக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணி இருக்கும், படகுக்காரர் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. முதலாளி எழுந்து, "வாங்க வாங்க" என்று நாற்காலியை இழுத்தார். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்லேண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மூலைகளில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"படிங்க பாய்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "புது வருஷத்தில் உங்கள் வீட்டில் நல்லதே நடக்கட்டும். அக்கா வைக்கிற மத்திக் குழம்பைப் பற்றி எங்கள் ஆள் பேசாத வாரம் இல்லை. தடைக்காலத்தில் ஒருநாள் நாங்களும் சாப்பிட வருவோம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்." அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. தாடியைப் பார்த்துவிட்டார்.

"நீங்க எழுதுன அக்கா போயி இன்னும் முப்பதாம் நாளு கும்புடல பாய். எம் பொண்ணுதான் படிச்சுச்சு. பாதியில நிறுத்திட்டு உள்ள போயிருச்சு. நேத்துலேருந்து பேசல."

"மவுத்தான வூட்டுக்கா..." என்று முதலாளி டீச்சரைப் பார்த்தார்.

"பொண்ண ஏசாதீங்க. அதுக்கு எப்புடித் தெரியும்" என்றார் படகுக்காரர். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி வந்துச்சே. பந்தல்ல எம் பக்கத்துல உக்காந்துருந்துச்சே."

கடையில் நான்கு பேர்தான் இருந்தோம். டீச்சர் என்னைப் பார்த்தாள். நோட்டில் அவள் எழுதியது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். எழுந்து நின்று அவரிடம், "நான் எழுதுனதுங்க. இன்னொரு தடவ விசாரிச்சு எழுதியிருக்கணும். தப்பு எம்மேலதான்" என்றாள்.

என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், மூட்டையைக் கட்டியிருப்பேன். அவள் அந்த வழியையும் அடைத்துவிட்டாள். அந்த நேரத்திலும் நான் நினைத்தது, இதிலும் இவளே நல்ல பெயர் வாங்கிக்கொண்டாளே என்பதுதான்.

அவர் போன பிறகு முதலாளி சத்தம் போடவில்லை. "தடைக்காலத்துக்கு அவரு வலை எடுக்கலேன்னா அந்த ஊரே எடுக்காது. அது போவட்டும். செத்த வூட்டுல போயி உக்காந்துட்டு வந்து எப்புடிடா ஒண்ணுமில்லன்னு சொன்ன?" என்றார். "டீச்சர், மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதும்மா. எழுதிட்டா இவன் நாளைக்குக் கணக்க முடிச்சுக்கிட்டுப் போவலாம்."

"நான் எழுத மாட்டேன் முதலாளி."

"ஏன்?"

"நான் எழுதுனா நல்லா எழுதிருவேன். அவரு மறுபடியும் என்னையத்தான் மெச்சுவாரு. தெரிஞ்சவங்க எழுதட்டும்."

ஒரு இன்லேண்டை என் முன்னால் வைத்தாள். தன் மேசையிலிருந்து எழுந்து, விசிறிக்குக் கீழே என்னை உட்காரச் சொன்னாள்.

மதியச் சாப்பாடு வரைக்கும் எழுதினேன். முதலில் தனித்தாளில். அவள் மாதிரியே தொடங்கப் பார்த்தேன். "நீங்கள் நலமாக" என்று எழுதி அடித்தேன். யாருடைய நலத்தைக் கேட்பது. ஆறு தாள் போயிற்று. கடைசியில் தேறியதை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது என்னாண்ணே?"

"புது வலை வந்திருக்குன்னு..."

"இதுலயுமா."

அந்த வரியை எடுத்தேன். வேறு எதையும் அவள் தொடவில்லை. நான் எழுதியது இது: "அக்கா இறந்தது எனக்குத் தெரியும். டீச்சர் கேட்டபோது ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். எல்லாரும் அவர்களையே பாராட்டினார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா எனக்குப் பதினெட்டு முறை சோறு போட்டார்கள். எண்ணி வைத்திருக்கிறேன். உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்."

நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "கடுதாசியா போனது கடுதாசியாவே போவட்டும்" என்றாள். மூலையில் ஒன்றும் தடவாமல் தபாலில் போட்டேன். முதலாளியும் அது போய்ச் சேரட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

நான்கு நாள் கழித்துக் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். தடைக்காலம் தொடங்கிப் படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. அவர் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து பழைய வலையிலிருந்து மிதவைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மொபெட்டை நிறுத்திவிட்டுத் தள்ளியே நின்றேன்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு மிதவை கழற்றிய பிறகு, "வந்துச்சு" என்றார்.

"படிச்சீங்களா?"

"எம் பொண்ணு படிச்சுச்சு. ரெண்டு தடவ. பதினெட்டு தடவ சோறுன்னு வந்த எடத்துல அதுக்கு அழுவ வந்துருச்சு. அவங்கம்மா போனதுலேருந்து அன்னைக்குத்தான் அழுதுச்சு." இன்னொரு மிதவையைக் கழற்றிப் போட்டார். "நீ செஞ்சது பெரிய தப்பு. அத நான் இல்லன்னு சொல்லல."

"ஆமாங்க."

"இந்தத் தடவ வலை நாவப்பட்டணத்துல சொல்லிட்டேன். அது அப்புடியே இருக்கட்டும். அடுத்த வருசம் பாக்கலாம்."

"சரிங்க."

நான் எழுந்தபோது அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கடுதாசிய நிறுத்திப்புட வேணாம். ஆனா அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லு. நீ எழுதுறது நெஞ்சுல வந்து அடைக்குது."

வரிச்சிக்குடி வந்ததும் மொபெட்டை ஓரமாக நிறுத்தினேன். வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மன்னித்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கோ, அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லு என்ற ஒன்றுதான் காதில் நின்றது.

கடைக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலாளி என்னைப் போகச் சொல்லவில்லை. ஐப்பசி வரை இருந்தேன். சனிக்கிழமைகளில் டீச்சர் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன், ஒன்றுவிடாமல். அவளும் ஒருநாளும் பழையதைப் பேசவில்லை. மழை பிடித்ததும் கிடங்கில் தண்ணீர் ஏறியது. எனக்கும் கால் பரபரத்தது. கொச்சியில் துறைமுக வேலை என்று ஒருவன் கூப்பிட்டான். கிளம்பும்போது அவள், "போய்ச் சேந்ததும் அட்ரஸ் அனுப்புங்கண்ணே" என்றாள்.

கொச்சியில் நான் சாப்பிட்ட டீக்கடையின் முகவரியை ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் கடிதம். கடைக்காரர் அதைப் பால் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் ஒரு ஓரம் நனைந்திருந்தது.

"விரல் மழைக்காலத்தில் வலிக்கும் என்பீர்களே, அங்கே மழை அதிகம் என்கிறார்கள், இப்போது எப்படி இருக்கிறது? கோட்டுச்சேரிமேட்டு ஐயா வந்து ஈயக்குண்டு வாங்கிப் போனார். மகள் படிப்பைத் தொடர்கிறாளாம். புதிதாக வந்திருக்கும் ஆளுக்கு எந்த வீட்டில் என்ன என்று பார்க்கத் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்."

நின்றுகொண்டே படித்தேன். முதல் வரி வாங்குகிறவரைப் பற்றி. கடையைப் பற்றிய சங்கதி நடுவில். கடைசி வரியில் வியாபாரம் இல்லை. அன்றைய தபாலில் இதே மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு கடைக்காரரிடம் ஒரு பேனா கேட்டு வாங்கி, விரல் தேவலை என்று பதில் எழுத உட்கார்ந்தேன்.